மோட்டாருக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

மோட்டார் இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றே போனது.

அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் போனதும், படகின் அடியில் தண்ணீர் தட்டுவது கேட்டது. தூரத்தில் ஏதோ கப்பல் சங்கு ஊதியது. பாசிர் கூடாங் துறைமுகத்துப் புகைபோக்கிகள் பின்னால் சின்னதாகத் தெரிந்தன. எதிரே, அதிக தூரமில்லை, அடுத்த நாடான சிங்கப்பூரின் தண்ணீர்.

படகில் நாங்கள் நான்கு பேர். பின்னால், மோட்டார் பக்கத்தில், என் கணவர் மணியம். நடுவில் லாபிஸிலிருந்து வந்திருந்த ரத்தினம் அண்ணன். அவர் மடியில் சிவப்புத் துணி சுற்றிய மண் கலயம். கலயத்தில் இருந்தது அவருடைய மனைவியின் அஸ்தி. முன்னால் அவர்களுடைய ஒரே மகள் தேவி. பொதுவாக அஸ்தி கரைக்கப் பெண்கள் போவதில்லை. நான் வந்தே தீருவேன் என்று அந்தப் பெண் நின்றதால், அவளுக்குத் துணையாக நானும் ஏறியிருந்தேன்.

"ஒன்னுமில்லண்ணே, ரெண்டு நிமிஷம்" என்றார் என் கணவர்.

எண்ணெய் டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவில், கைக்கு அடக்கமாக ஒரு ரப்பர் உருண்டை உண்டு. அதை அழுத்தினால் எண்ணெய் ஏறும். எங்கள் பக்கம் பெட்ரோலை எண்ணெய் என்றுதான் சொல்வோம், சமையலறையில் இருப்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உருண்டையை அழுத்தினார், கயிற்றை இழுத்தார். மோட்டார் பிடித்தது. ஒரு நிமிடம் ஓடியது. மறுபடியும் நின்றது.

மூன்றாவது தடவை, குனிந்து டேங்க் மூடியைத் தொட்டார். விரல் பட்டதுமே அது லொடலொடவென்று சுற்றியது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷமாக நான் பார்க்கும் முகம். அது இப்படி வெளுத்து ஒருநாளும் பார்த்ததில்லை.

"நான் மூடலையா சரோ?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

மூடாதது நான். இதை அவரிடம் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆனது. போன வாரம் இந்தப் பத்தியில், நான் ஃபேக்டரி பஸ்ஸில் தூங்கிப்போய் டிப்போவில் கண் விழித்த கதைக்குச் சிரித்தவர்கள் இந்த வாரமும் சிரிக்கலாம். பாதி வரைக்கும்.

அவர் எதற்குப் பயந்தார்

என் மாமனார் லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டியவர். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. எழுபது வயதுக்கு மேல் ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தார். முதலில் சாவியை. பிறகு சாப்பிட்டதை. பிறகு வீட்டுக்கு வரும் வழியை. கடைசியில் ஆட்களின் பெயர்களை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போயிருந்தோம். தன் மூத்த மகனான என் கணவரைப் பார்த்து அவர், "உக்காருங்க தம்பி, நீங்க யாரு வூட்டுப் பிள்ள?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மணியம்ப்பா" என்றார்.

"நல்ல பேரு" என்றார் மாமனார்.

திரும்பும்போது யோங் பெங் ஊரைத் தாண்டும்வரை நான் காரில் ரேடியோவைப் போடவில்லை.

மாமனார் போன பிறகு அஸ்தி கரைக்க எங்களுக்குப் படகு கிடைக்காமல் அலைந்தோம். மசாய்க்கு அப்பால் ஒரு சின்னப் படகுத்துறையில் பாக் டின் என்ற மலாய் மீனவர்தான், வலையை எடுத்துக் கரையில் வைத்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டேன், இது நல்ல காரியம் என்றார். இவர் கலயத்தைத் தண்ணீரில் இறக்கும்போது அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அது இவர் மனதில் போய் உட்கார்ந்துவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றதும் இவர் செய்த முதல் வேலை, கைமாறிய ஒரு ஃபைபர் படகும் பதினைந்து குதிரைச் சக்தி மோட்டாரும் வாங்கியதுதான். வாரத்தில் ஒருநாள் மீன் பிடிக்கப் போவார். பாதி நாள் சந்தையில் வாங்கிக்கொண்டு வருவார், அது வேறு கதை. ஆனால் அஸ்தி கரைக்க வேண்டும் என்று யார் கேட்டாலும், எந்த ஊரிலிருந்து வந்தாலும், படகை இறக்கிவிடுவார். ஒன்றும் வாங்கமாட்டார். "நம்ம படகு காரியத்துக்கு வந்தவங்கள ஒருநாளும் நடுவுல நிறுத்துனதில்ல" என்பது அவருடைய பெருமை. சொல்லும்போது மீசையைத் தடவிக்கொள்வார்.

இரண்டு வருஷமாக அவருக்கு வேறு ஒரு கவலை வந்திருந்தது. ஒருநாள் தெப்ராவில் பேரங்காடிக்குப் போய்விட்டு, காரை எந்த மாடியில் விட்டோம் என்று தெரியாமல் ஒரு மணி நேரம் தள்ளுவண்டியோடு சுற்றினோம். இன்னொரு நாள் அவருடைய மூக்குக்கண்ணாடி ஐஸ்பெட்டியில், தயிருக்குப் பக்கத்தில் இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஐஸ்பெட்டிக் கதவைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெரிய விஷயங்கள் இப்படித்தான் நடக்கும்.

என் கைக்கு ஒரு வியாதி

எனக்கு அழுக்கு ஆகாது. தெப்ராவில் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். வெள்ளை அங்கி, தலைக்கு ஒரு மூடி, காலுக்கு ஒரு உறை. ஒரு முடி விழுந்தாலும் சூப்பர்வைசர் கத்துவாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு பொருள் என் கையில் மாட்டினால் கழுவாமல் விடமாட்டேன்.

அப்படிக் கழுவியதில் உயிரை விட்டவை சில உண்டு. ஒரு மேசை விசிறி. என் நாத்தனார் கொடுத்த ரேடியோ. என் மகன் பரீட்சைக்கு வைத்திருந்த கால்குலேட்டர், அதுவும் பரீட்சைக்கு முதல் நாள்.

என் கணவருக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. எந்த விருந்துக்குப் போனாலும், சாப்பாட்டு மேசையில் இதைத் தொடங்கிவிடுவார். ரேடியோவைக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன் என்று கூடக் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார். கொடியில் போடவில்லை. வெயிலில் வைத்தேன், அவ்வளவுதான். "எங்க வூட்டுக்கு வந்தா கைப்பேசிய சட்டைப்பையிலயே வச்சிக்கோங்க, கீழ வச்சா சரோ சோப்பு போட்டுருவா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆயுத பூஜை அன்று

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு எல்லாமே வரிசையில் நிற்கும். என் தையல் மெஷின், அவருடைய ஸ்பேனர் பெட்டி, மகனின் மடிக்கணினி, கார், மோட்டார் சைக்கிள். கடைசியாக வாசலில் டிரெய்லரில் நிற்கும் படகு. அது இன்றும் அங்கேதான் நிற்கிறது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மடிக்கணினியை மகன் என் கையில் தரவில்லை. படகை யாரும் காப்பாற்றவில்லை.

மோட்டாரைத் துடைத்தேன். படகின் உட்பக்கம் குழாய் போட்டுக் கழுவினேன். சிவப்பு எண்ணெய் டேங்கின் மூடியைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுக்கு படிந்திருந்தது. சாமி முன்னால் இப்படியா நிற்பது? மூடியைத் திறந்து, விளிம்பை எலுமிச்சைத் தோலும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தேன். குழாயை வைத்து அலசினேன். பிறகு மஞ்சள் தண்ணீர். மாவிலையில் தொட்டுத் தெளித்தால் போதும் என்று எனக்கும் தெரியும். ஆனால் வாளியில் பாதி மிச்சம் இருந்தது. அதையும் டேங்க் தலையில் கவிழ்த்தேன். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் எதற்கு?

அந்த நேரம் பார்த்து அடுப்பில் பாயசம் தீயும் வாசம். மூடியை எடுத்து மேலே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். வைத்தேன், இறுக்கவில்லை. திரும்பி வந்தபோது அது நினைவிலேயே இல்லை. அதன் மேலேயே தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்து வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

சூடம் காட்டியதும், டிரெய்லர் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்க வண்டியை ஒரு அடி நகர்த்தினோம். மோட்டாருக்குத் தண்ணீர்க் குழாயைப் பொருத்தி ஒரு நிமிடம் ஓட விடுவது எங்கள் வழக்கம். ஆயுதம் என்றால் பூஜையன்று ஒரு தடவையாவது அசைய வேண்டும் என்பார். அந்த ஒரு நிமிடத்தில், டேங்க் அடியில் போயிருந்த தண்ணீரை மோட்டாரின் எண்ணெய் பம்ப் இழுத்துக்கொண்டது. பிறகு அடைமழைக் காலம். ஐந்து வாரம் படகு வாசலை விட்டு நகரவில்லை. அந்தத் தண்ணீர் பம்புக்குள்ளேயே கிடந்து துரு ஏற்றியது. இதெல்லாம் பிறகு ஒர்க்‌ஷாப்பில் தெரிந்துகொண்டது.

ரத்தினம் அண்ணன் அழைத்த காலையில், என் கணவர் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் பார்த்தார். மூடியை மட்டும் தொடவில்லை. நடுவில் இருக்கும் சின்னக் காற்றுத் திருகை மட்டும் விரல் நுனியால் திறந்துவிட்டார். மழையில் பாதி கரைந்து, மிச்சம் காய்ந்திருந்த சந்தனப் பொட்டு உதிர்ந்துவிடக் கூடாதாம். பூஜையில் வைத்தது அல்லவா?

நங்கூரம் போட்ட இடம்

இனி படகுக்கு வருகிறேன்.

வற்றுத் தண்ணீர், கடலுக்குத் திரும்பும் ஓட்டம், எங்களை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் எல்லையைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் போலீஸ் படகிடம் அஸ்திக் கலயத்தைக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். என் கணவர் முதலில் நங்கூரத்தைப் போட்டார். கயிறு ஓடி, படகு ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. பிறகு பாக் டின்னுக்கு ஃபோன் செய்தார். வலையை எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வருவதாக அவர் சொன்னார்.

அதுவரை சும்மா இருக்க இவரால் முடியாது. மோட்டார் மூடியைத் தூக்கி, எண்ணெய் வடிகட்டும் சின்னக் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மேலே எண்ணெய், கீழே தண்ணீர், இரண்டும் கோடு போட்ட மாதிரி தனித்தனியாக நின்றன. தண்ணீரின் அடியில் மஞ்சளாக ஒரு மண்டி.

"துரு" என்றார்.

துரு இல்லை. எத்தனை வருஷமாக வாசலில் தெளிக்கிறேன், எனக்கு அந்த நிறம் தெரியாதா?

"தண்ணி எப்படி தம்பி போச்சு?" என்று கேட்டார் ரத்தினம் அண்ணன்.

"மழத் தண்ணிண்ணே. மூடிய நான் சரியா மூடல போல" என்றார்.

தேவி திரும்பினாள். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதி. அம்மாவுக்காக வாங்கிய விடுமுறை அன்றோடு முடிகிறது, சாயங்காலம் பாலம் தாண்ட வேண்டும். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "கெளம்பறதுக்கு முன்ன செக் பண்ணலையா அங்கிள்?"

"பண்ணேம்மா" என்றார். பிறகு, "பண்ணேன்னுதான் நெனச்சிக்கிட்டிருக்கேன்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. துக்கத்தில் இருப்பவர்கள் முன்னால் எங்கள் வீட்டுக் கூத்து எதற்கு, வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். நல்ல சாக்கு. கேட்டால் யாரும் நம்புவார்கள்.

படகில் நல்ல எண்ணெயோடு இன்னொரு சின்ன டேங்க் இருந்தது. வடிகட்டியைத் துடைத்துக் குழாயை அதற்கு மாற்றினார். மோட்டார் பிடித்து, மறுபடி நின்றது. "பம்பு போச்சு. தண்ணி பட்டுப் பட்டு உள்ள ரப்பர் செத்துப் போயிருக்கு, எண்ணெய இழுக்கல" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு ரத்தினம் அண்ணன் முன்னால் வந்து, கும்பிடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிக்கங்கண்ணே. காரியத்துக்கு வந்த ஒங்கள இப்படி நடுவுல நிறுத்திட்டேன்."

ரத்தினம் அண்ணன் கலயத்தின் சிவப்புத் துணியை இழுத்துச் சரிசெய்தார். கட்டையான மனிதர், ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலை செய்தவர், அதிகம் பேசமாட்டார்.

"இவ எங்க கெளம்பினாலும் லேட்டுதான் தம்பி" என்றார். "கல்யாண வூட்டுக்குப் போறதா இருந்தா சேலய ரெண்டு தடவ மாத்துவா. நானு வாசல்ல நின்னு கத்துவேன். இன்னிக்கும் சும்மா போவாளா? கொஞ்சம் நிக்க வச்சிட்டா. நிக்கட்டும்."

தேவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவினேன்.

அண்ணனே கேட்டார், "தண்ணி வெளிய தான போகுது தம்பி? இங்கயே கரைக்கலாமா?" என்று. நல்ல ஓட்டம், இதைவிட நல்ல இடம் இல்லை என்றார் இவர். அண்ணனும் தேவியும் ஆளுக்கு ஒரு கை பிடித்துக் கலயத்தைத் தண்ணீரில் இறக்கினார்கள். பால், பூ, கொஞ்சம் எள். கலயம் ஒரு பக்கம் சாய்ந்து நிறைந்து கீழே போனது. பூக்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் படகை விட்டு விலகிக் கடல் பக்கம் போயின.

"பத்திரமா போ லெச்சுமி" என்றார் அண்ணன்.

நானும் அழுதேன். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. பாதி அழுகை அவருக்கு, பாதி என் கணவருக்கு. அவர் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, லொடலொடத்த அந்த மூடியைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி, பார்த்துக்கொண்டே இருந்தார்.

கையே பம்பு

பாக் டின் வருமுன் நாங்களே கிளம்பிவிட்டோம். ரப்பர் உருண்டையை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால், பம்ப் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்யும், மோட்டார் மெதுவாக ஓடும். இவருக்கு அது தோன்றியது. ஆனால் ஒரே ஆள் மோட்டாரையும் பிடித்து உருண்டையையும் அழுத்த முடியாது.

"குடுங்க அங்கிள்" என்று தேவி வந்து உட்கார்ந்தாள். மருத்துவமனையில் இரத்த அழுத்தம் பார்க்கும்போது அவள் தினம் அழுத்துவது இதே மாதிரி ஒன்றைத்தானாம். கணக்காக, ஒரே சீராக அழுத்தினாள். கோபம் எங்கேயோ போய்விட்டது. "நாங்கூட ஒரு நாளு மருந்து டிராலிய லிஃப்டுலயே விட்டுட்டு வந்துட்டேன் அங்கிள். எல்லாருக்கும் நடக்கும் லா" என்று அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

அவர் சிரிக்க முயன்றார். ஆறுதல் சொல்லச் சொல்ல அவருக்கு அது உறுதியாகிக்கொண்டே போனது. தான்தான் மறந்தோம் என்று.

பாதி வழியில் நான் வாங்கி அழுத்தினேன். பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போனது. ரத்தினம் அண்ணன் கேட்டார், கொடுக்கவில்லை. நன்றாக வலிக்கட்டும் என்று அழுத்தினேன். கேலோங் அருகே பாக் டின் எதிரில் வந்தார். அந்த மிதக்கும் மீன் பண்ணையிலிருந்து கரைவரை எங்களை ஒட்டியே வந்து சேர்த்தார்.

படகுத்துறையில் எல்லோரும் போன பிறகு, என் கணவர் படகின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இதான் கடைசி சரோ. வித்துரலாம். இன்னிக்கு நங்கூரம் புடிச்சிக்கிச்சி. நாளைக்கு நான் நங்கூரத்தையே மறந்துட்டு வந்தா? நம்பி ஏறுறாங்க ஜனங்க."

"அதெல்லாம் ஒன்னும் ஆகாது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பதினோரு நாள்

ஒர்க்‌ஷாப்புக்கு நானும் போனேன். அங்கேயாவது சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். பட்டறைக்காரர் ஒரு சீனர், பல வருஷப் பழக்கம். பம்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே இருந்த ஸ்பிரிங் துருப்பிடித்து, விரல் பட்டதும் ஒடிந்தது. ரப்பர் சவ்வு விறைத்து ஓரத்தில் கிழிந்திருந்தது. "டேங்க்ல தண்ணி. மூடி இறுக்கல லா" என்று மலாயில் சொன்னார். என் கணவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையாட்டினார். நான் பக்கத்தில் நின்று, சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

புது பம்ப் போட்டு வாங்கினார். விற்பதற்காக. பாக் டின்னின் மருமகன் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அந்த நாட்களில் அவர் வீட்டில் நடமாடியதைச் சொன்னால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும். கேஸை மூடிவிட்டுப் போவார், பாதி வழியில் திரும்பி வந்து பார்ப்பார். கேட் பூட்டை இழுத்துப் பார்ப்பார், காரில் ஏறுவார், இறங்கி வந்து மறுபடி இழுப்பார். கார் ஓட்டச் சொன்னால் மகனைக் கூப்பிடு என்பார்.

அந்த வாரம் என் அண்ணன் மகள் நிச்சயதார்த்தம். சாப்பாட்டு மேசையில் யாரோ தொடங்கினார்கள். "மாமா, அந்த ரேடியோ கதைய சொல்லுங்க மாமா!" எல்லோரும் சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். நானும் எரியத் தயாராகிவிட்டேன்.

"எனக்குச் சரியா ஞாபகமில்லடா" என்றார். குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

அந்தக் கதையை நிறுத்தச் சொல்லி எத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அன்று இரவும் சொல்லவில்லை. நாள் ஆக ஆகச் சொல்வது லேசாகும் என்று நினைத்தேன். அது கனத்துக்கொண்டே போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் டேங்கைக் கழுவிய கதை. இப்போது சொன்னால், இத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்த கதை.

பதினோராவது நாள் காலை துணி துவைக்கப் போட்டேன். மெஷினில் போடுமுன் பையைத் தடவிப் பார்ப்பது என் வழக்கம், மகனின் கால்குலேட்டருக்குப் பிறகு வந்தது. அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. கடைக்குப் போக எழுதிய சாமான் பட்டியல் என்று திறந்தேன்.

காலை மாத்திரை, போட்டேன். கேஸ், மூடினேன். கேட், பூட்டினேன். ஒவ்வொரு நாளும் இதே. நேரமும் போட்டிருந்தார். ஒரு பக்கத்தில், சீனப் பட்டறைக்காரர் பெயர், பாக் டின் வீட்டுப் பாதை, எங்கள் வீட்டு எண். எங்கள் வீட்டு எண்ணை எழுதி வைத்திருந்தார்! கடைசிப் பக்கத்தில் தனியாக இரண்டு வரி.

அப்பாவுக்கு இது தொடங்கினப்போ எழுபத்திரண்டு.

எனக்கு அறுபத்து நாலுதான் ஆகுது.

நோட்டைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். கையில் சோப்பு நுரை. அவர் காப்பி கலக்கிக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க" என்றேன். "நீங்க இல்ல. நான்தான். பூஜையன்னிக்கு டேங்க தெறந்து கழுவினது நானு. மஞ்சத் தண்ணிய ஊத்தினது நானு. மூடிய இறுக்காம மேல வச்சிட்டுப் போனது நானு. நீங்க ஒன்னுமே மறக்கல."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்ட வேண்டும் என்று விரும்பினேன். இல்லையென்றால் சிரிக்கவாவது செய்யட்டும், எல்லா விருந்திலும் சொல்லட்டும், கொடியில் போட்டேன் என்று கூடச் சேர்த்துச் சொல்லட்டும்.

"நான் மறக்கலையா?" என்றார்.

"மறக்கலங்க."

"நெசமாவா சரோ?"

"சத்தியமாங்க."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவைக் கரைத்த அன்றுகூட அவர் என் முன்னால் அழுததில்லை.

"எப்ப தெரிஞ்சது ஒனக்கு?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் நினைவு வந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். இனியும் ஒன்றைச் சேர்த்துத் தூக்க எனக்குத் தெம்பில்லை.

"அன்னிக்கே. படகுலயே."

அவர் கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைத்து, ஒவ்வொரு கணுவாக எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணி முடித்தும் விரலை எடுக்கவில்லை.

"பதினோரு நாளு" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "தெனம் காலையில கண்ணு முழிச்சதும், நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி, ஒம் பேர மெதுவா ஒரு தடவ சொல்லிப் பாத்துக்குவேன் சரோ. வருதான்னு."